செத்தவரிடம் சம்மதம் வாங்கியவன்

எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பதிவேட்டு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் சமரசக் குழுவின் அறை இருக்கிறது. குழுவில் பதினோரு பேர். அதில் நானும் ஒருவன். பெயர் கோ பிங்ஷான், வயது அறுபத்து நான்கு, செய்த தொழில் பன்றித் தீவன வியாபாரம். சட்டம் படித்தவனா என்று கேட்டால், தீவன மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதைத் தவிர நான் வாழ்க்கையில் எதையும் முழுசாகப் படித்ததில்லை.

பிறகு எப்படி நடுவர் ஆனேன் என்றால், என் கடையில் ஒரு பெரிய தேநீர் மேசை இருந்தது. ஊரில் யார் யாரோடு சண்டை போட்டாலும் அங்கே வந்து உட்கார்ந்து நாலு கிண்ணம் குடித்துவிட்டு, கத்துவதற்கு அலுத்துப்போய் வீட்டுக்குப் போவார்கள். தேநீர் செய்த வேலை அது. நான் செய்த வேலை என்று நானும் நம்பினேன், ஊர்த் தலைவரும் நம்பினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரமே நடுவர் என்று அச்சடித்த அட்டை ஐந்நூறு அடித்துவிட்டேன். இன்னும் நானூற்றுச் சொச்சம் அலமாரியில் இருக்கிறது.

நாய் கடித்தது, மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டில் ஒழுகியது, வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டது என்று சில்லறை வழக்குகள்தான் நிறைய வரும். ஆனால் என் பெயர் நின்றது சாவு வழக்குகளில். ஒருவருடைய கவனக்குறைவால் இன்னொருவர் செத்துப்போனால் அரசு வழக்குரைஞர் வந்து உடலைப் பார்ப்பார், விசாரணை தன் பாட்டுக்கு நடக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரண்டு தரப்பும் எங்கள் அறைக்கு வந்து பேசி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், அந்தத் தாள் நீதிமன்றத்துக்குப் போய் முத்திரையோடு திரும்பும். அப்புறம் அது தீர்ப்புக்குச் சமம், அதே விஷயத்துக்கு மறுபடி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. தப்புச் செய்தவருக்கு நீதிபதியிடம் தண்டனையும் குறையும். அதனால் தப்புச் செய்தவருக்கு எப்போதும் அவசரம். பறிகொடுத்தவர்களுக்கோ தலையும் புரியாது காலும் புரியாது. சரியாக அந்த நேரத்தில் நான் போய் நிற்பேன்.

என்னிடம் ஒரு உத்தி இருந்தது. செத்தவரையே கேட்டுவிடுவது. புதிதாகப் போனவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் படத்துக்கு முன் ஊதுவத்தி ஏற்றி இரண்டு நாணயத்தைப் போடுவோம். ஒன்று பூ ஒன்று தலை விழுந்தால் சம்மதம். இரண்டும் பூ என்றால் மறுப்பு. இரண்டும் தலை என்றால் சிரிக்கிறார், கேட்டது சரியில்லை, மறுபடி கேள். காரியத்துக்கு எந்தச் சமையல்காரர் என்பதிலிருந்து எல்லாவற்றையும் இப்படித்தான் கேட்பார்கள். நான் அதை நஷ்டஈட்டுப் பேச்சுக்குக் கொண்டு வந்தேன். மறுத்தால் தொகையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பேன். சிரித்தால், மனசு இளகுகிறது என்று விளக்கம் சொல்வேன். எந்தச் செத்தவரும் மூன்று நான்கு தரத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. அவரே ஒத்துக்கொண்ட பிறகு குடும்பம் என்ன பேச முடியும். பன்னிரண்டு வருடத்தில் பதினான்கு சாவு வழக்கு, பதினான்கும் முடிந்தது. இதை நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

என் மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"காசத் திரும்பத் திரும்பப் போட்டா எப்பவாச்சும் ஒரு பூ ஒரு தலை விழத்தானங்க செய்யும். அதுக்கு எதுக்கு ஒரு நடுவர் துரை?"

அவளுக்கு ஆன்மிகம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம், ஜனவரி மாதம், வாய்க்கால் சாலையில் குழாய் பதிக்கக் குழி தோண்டியிருந்தார்கள். சாலையில் பாதி அகலம், ஆள் உயர ஆழம். ஒப்பந்தம் எடுத்தவன் வெய். பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பு. சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நான் அந்த வழியாக வண்டியில் வந்தேன். இருட்டிவிட்டது. குழிக்கு முன்னால் தடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை. என் வண்டியின் முன் சக்கரம் குழி ஓரத்து மண்ணில் வழுக்கியது. பிரேக் போட்டு, ஒடித்து, இதயம் வாய்க்கு வந்து, வெய்யின் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்கு மீன் சூப். நன்றாக இருந்தது, இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்தேன்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது யாவ்தாங் அந்தக் குழியில் விழுந்தார். ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கும் ஷூயுனின் கணவர். ஐம்பத்தொரு வயது. அடுத்த நாள் கடைக்கு எட்டுத் தட்டு முட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தவர். கழுத்து முறிந்து அங்கேயே முடிந்துவிட்டது.

போலீஸ் படம் எடுத்தபோது மணி எட்டு. படத்தில் ஆரஞ்சு நிறத் தடுப்பு வரிசையாக நிற்கிறது, நான்கு விளக்கு பளிச் பளிச்சென்று எரிகிறது. சாயங்காலத்திலிருந்தே இருந்தது என்று வெய் சொன்னான். அவனுடைய மேஸ்திரிகள் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

மறுநாள் காலையில் எனக்குத்தான் முதல் போன்.

"டேய் பிங்ஷான், நீதான்டா இத முடிச்சு வெக்கணும். மண்ணுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடு."

நான் அந்த வழியாகப் போனது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நாகரிகமாக ஒரு காரணம் வைத்திருந்தேன். நடுவர் என்பவன் சாட்சி அல்ல, இரண்டு பக்கத்துக்கும் பொது. உண்மைக் காரணம், வெய்யின் தம்பிக்கு இரண்டாயிரம் பன்றி. எல்லாம் எங்கள் தீவனம் தின்கிற பன்றிகள். கடையை இப்போது என் மகன் நடத்துகிறான். அதோடு, பதினான்குக்குப் பதினான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்குப் பதினைந்துக்குப் பதினைந்து என்று சொல்ல ஆசை.

ஆறாம் நாள் வெய்யைக் கூட்டிக்கொண்டு ஷூயுன் வீட்டுக்குப் போனேன். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. யாவ்தாங்கின் படத்தை ஏதோ கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவருடைய தோள் பாதி அப்படியே இருந்தது. ஷூயுன், போனவருக்காக எரிக்கிற தங்கத் தாளில் தாமரை மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

வெய் மண்டியிட்டான், ஊதுவத்தி ஏற்றினான், அழுதான். நிஜமாகவே அழுதான். கெட்டவன் இல்லை அவன், பயந்தவன். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் வேலையை ஆரம்பித்தேன்.

"ஷூயுன், நீயா நானா முடிவு பண்றதவிட, யாவ்தாங்கையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"கேளுங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

முதல் தரம் இரண்டும் பூ. வெய்யைப் பார்த்தேன், அவன் தொகையை ஏற்றினான். இரண்டாம் தரம் இரண்டும் தலை. "சிரிக்கறாரு பாரு, மனசு இளகுது" என்றேன். மூன்றாம் தரம் ஒரு பூ, ஒரு தலை. ஷூயுன் நாணயங்களைக் குனிந்து பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். போய்வருகிறேன் என்று சாவு வீட்டில் சொல்லக்கூடாது, அதனால் சத்தம் போடாமல் எழுந்து வந்தோம். தெருமுனை திரும்பியதும் வெய் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்து இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்குக் கையெழுத்து என்று வைத்தோம். குழுவின் செயலர் பெங் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெங்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டம் நிஜமாகவே படித்தவள். நாங்கள் பதினோரு பேரும் வாயால் செய்கிற வேலையை அவள் கையால் திருத்திக்கொண்டிருப்பாள். தாளைத் தயார் செய்து கொடுத்தது வெய்யின் காப்பீட்டு ஆள். அதை நான் படித்துப் பார்த்தேனா என்றால், கடைசிப் பக்கத்தில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பெங் படித்தாள். ஒன்று, யார் யார் தரப்பு. இரண்டு, மன்னிப்பும் தொகையும். மூன்று, சாலையில் தடுப்பும் விளக்கும் முறையாக இருந்தன என்றாலும், ஸ்கூட்டரில் அதிகப் பாரம் ஏற்றி வந்ததாலும் முன்னால் பார்க்கத் தவறியதாலும் இறந்தவர் பக்கமும் தவறு உண்டு என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன.

"அந்த மூணாவத இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றாள் ஷூயுன்.

பெங் படித்தாள்.

"பாரம்னா முட்டையா?"

"ஆமாங்க்கா."

ஷூயுன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாலு தட்டு போதும்னாரு. நாளைக்குச் சந்தை நாள், எட்டா வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். எங்க மாமியார் அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாங்க, எம்புள்ளைய முட்டைக்கு அனுப்பிக் கொன்னுட்டியேடின்னு. இப்ப நீங்க அதத் தாள்ல எழுதி, கோர்ட்டுல முத்திர குத்திக் குடுக்கறீங்க."

வெய் பதறினான். "ஐயோ, இல்லம்மா, அது சும்மா வழக்கமா எழுதறது. எல்லாத் தாள்லயும் இருக்கும்."

"சும்மான்னா எடுத்துடுங்க."

எடுக்க முடியாது. அந்த வரி இருந்தால்தான் காப்பீட்டுக்காரன் பணம் தருவான், வழக்கில் தண்டனையும் குறையும். வெய் என்னைப் பார்த்தான். நான் வழக்கம்போல் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன்.

"கையெழுத்துப் போடலேன்னா என்ன ஆகும்?" என்று ஷூயுன் என்னைக் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பன்னிரண்டு வருடமாக ஒரே பதில். "வருஷக்கணக்கா இழுக்கும்மா. வக்கீலு, அலைச்சலு. போனவரும் திரும்பி வரப்போறதில்ல."

பெங் இருமினாள். அவள் இருமினால் நான் பொய் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

"அக்கா, வேற வழியும் இருக்கு" என்று அவள் ஆரம்பித்தாள். "கவனக்குறைவால சாவுங்கிறது நீங்க புகார் குடுத்தாலும் குடுக்காட்டியும் அரசாங்கமே நடத்தற வழக்கு. குற்றப்பத்திரிகை போட்டாங்கன்னா, அந்த வழக்கோட சேர்த்தே நஷ்டஈடு மனுவும் நீங்க போடலாம், அதுக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. தனியாவும் போடலாம், அதுக்குக் கட்டணம் உண்டு. யார் பண்ணாங்கன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து ரெண்டு வருஷம் டைம். விபத்து எப்படி நடந்துச்சுன்னு நிபுணர் குழுகிட்ட ஆய்வு கேக்கலாம். வழக்கே வேணாம்னு அரசு வழக்குரைஞர் மூடிட்டா, புகார் குடுத்தவங்க பத்து நாளுக்குள்ள மேல முறையிடலாம். வக்கீல் வெக்க வசதி இல்லேன்னா இலவச சட்ட உதவி இருக்கு. அப்புறம்," என்று குரலைத் தணித்துக்கொண்டாள், "சாலை அரசாங்கத்தோடது. சரியாப் பாத்துக்கலேன்னு நம்ம ஊராட்சிமேலயே எழுத்துல நஷ்டஈடு கேக்கலாம்."

நான் ஆடிப்போனேன். பன்னிரண்டு வருடமாக எனக்கே இதில் பாதிக்கு மேல் தெரியாது. தெரிந்த மீதியையும் தேநீரோடு விழுங்கியிருந்தேன்.

"அங்கல்லாம் போனா, விளக்கு இருந்துச்சா இல்லையான்னு கேப்பாங்களா?"

"அததான் முதல்ல கேப்பாங்க. ஆனா உங்ககிட்ட சாட்சி வேணும். போலீஸ் படத்துல விளக்கு இருக்கு."

நான் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனேன். கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினேன்.

திரும்பி வந்தபோது வெய் என் ஆயுதத்தையே எடுத்து வீசிக்கொண்டிருந்தான். "ஷூயுன், அன்னிக்கி யாவ்தாங்கே சம்மதம் சொல்லிட்டாரே. அவரு வாக்க மீறலாமா?"

ஷூயுன் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "கோ அண்ணே, நீங்க அவருகிட்டத் தொகையத்தான் சொன்னீங்க. தாளப் படிச்சுக் காட்டலியே. படிச்சுக் காட்டிக் கேளுங்க. ஒவ்வொண்ணா. ஆனா ஒரு கேள்விக்கு ஒரு தரந்தான் போடணும். சிரிச்சா மட்டும் மறுக்காப் போடலாம். அவரு சரின்னு சொன்னா நான் போட்டுடறேன்."

இப்படி ஒரு சமரசத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பெங்கும் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் அவள் கோப்பைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தாள். வெய் வண்டியிலேயே நாலு பேரும் போனோம்.

பந்தலில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. பெங் பக்கத்தில் நின்று தாளைப் பிடித்துக்கொண்டாள். யமனுக்கே புரியாத சட்ட வாக்கியங்களை நான் மண்டியிட்டுப் படத்தைப் பார்த்து வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் முட்டி வலித்தது. முதல் ஷரத்து, ஒரு பூ ஒரு தலை. இரண்டாவது, சிரித்தார், மறுபடி போட்டேன், சம்மதம்.

மூன்றாவது. படித்தேன். தடுப்பும் விளக்கும் முறையாக இருந்தன என்ற இடத்தில் வேகத்தைக் கூட்டினேன். ஒரே மூச்சில் முடித்தேன். இது மறுப்பாகத்தான் விழும் என்று உள்ளுக்குள் நிச்சயமாக நம்பினேன். மறுப்பு விழுந்தால் நான் தப்பித்தேன். செத்தவரே ஒத்துக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று வெய்யிடம் கையை விரிக்கலாம். என் வாயிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. அப்படி விழட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டேன்.

ஒரு பூ. ஒரு தலை.

வெய் மூச்சு விட்டது கேட்டது. ஷூயுன் நாணயங்களைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சலித்துக்கொண்டாள், கட்டின புருஷனிடம் சலித்துக்கொள்கிற மாதிரி.

"இவரு எப்பவும் இப்படித்தான். யாரு என்ன கேட்டாலும் சரி சரின்னுடுவாரு. கடன் சொல்லிச் சாப்பிடறவன் நாளைக்குத் தரேன்னாலும் சரி, கறிக்காரன் எடைய கொறச்சாலும் சரி. எட்டுத் தட்டுன்னப்பவும் சரின்னாரு. பேனா குடும்மா."

பெங் பேனாவை நீட்டவில்லை. வெய் நீட்டினான். ஷூயுன் அதை வாங்கி, மூடியைக் கழற்றி, எங்கே போட வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். நான்தான் காட்ட வேண்டும், அது நடுவருடைய வேலை. விரலைத் தாளில் வைக்கப் போனவன் வைக்காமல் சொன்னேன்.

"விளக்கு இல்ல."

"என்னண்ணே?"

"விளக்கு இல்ல, ஷூயுன். தடுப்பும் இல்ல. அன்னிக்கி ஆறு பத்துக்கு நான் அந்த வழியாத்தான் வந்தேன். நானே விழப் பாத்தேன். முட்டையால ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட வந்திருந்தாலும் விழுந்திருப்பாரு."

"டேய், உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு" என்றான் வெய். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கு எழுந்து நின்று கம்பீரமாக ஏதாவது சொல்ல ஆசைதான். முட்டி பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. பெங்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டுக்கொண்டே காதோரம் சொன்னாள்.

"ஐயா, சமரசப் பேச்சுல சொன்னது கோர்ட்டுல செல்லாது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலமா குடுக்கணும். இன்னிக்கே போங்க. நாளைக்குன்னா நீங்க போக மாட்டீங்க."

என்னை எவ்வளவு சரியாக எடை போட்டு வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கே போனேன். அவளே ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே நுழைகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அதற்கப்புறம் பதினைந்து மாதம். வெய்யின் தம்பி வேறு கடைக்குப் போய்விட்டான், இரண்டாயிரம் பன்றியோடு. என் மகன் நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. மனைவியிடம் பாராட்டை எதிர்பார்த்தேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பொம்பளைக்கு எட்டு நாள் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்" என்றாள். ஷூயுனின் நஷ்டஈட்டு விண்ணப்பம் ஊராட்சிக்கு வந்த நாளிலிருந்து ஊர்த் தலைவர் எங்கள் அறைப்பக்கமே திரும்புவதில்லை, கழிப்பறைக்குக்கூடக் கீழ் மாடிக்குப் போகிறார். குழுவில் என் பெயர் இன்னும் இருக்கிறது. நாய் கடித்த வழக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

ஹூவெய் நகர நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றேன். வெய்யின் வக்கீல் சின்ன வயசுக்காரன், மரியாதையாக ஆரம்பித்தான்.

"ஐயா, இறந்தவங்ககிட்ட நாணயம் போட்டுச் சம்மதம் வாங்கறது உங்க வழக்கம்னு கேள்விப்பட்டோம். இதுவரைக்கும் எத்தனை பேருகிட்ட வாங்கியிருக்கீங்க?"

"பதினாலு."

"பதினாலு பேரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கற வரைக்கும் போடுவேங்க."

நீதிபதி அம்மா குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். இந்த ஆளுடைய வார்த்தையை நம்ப முடியுமா என்று வக்கீல் கேட்டான். நான் அவன் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நல்ல வேளை, நிபுணர் குழு ஸ்கூட்டரின் பிரேக் தடத்தையும் குழி ஓரத்து மண்ணையும் அளந்து தனியாக எழுதியிருந்தது. மேஸ்திரிகளில் ஒருவன் இரண்டாம் விசாரணையில் உண்மையைச் சொல்லிவிட்டான். போலீஸ் வருவதற்குள் தடுப்பையும் விளக்கையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னது வெய்தான் என்று.

தீர்ப்பு ஷூயுன் பக்கம் வந்தது. வெய்க்குப் பத்து மாதத் தண்டனை. இறந்தவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்று ஒரு வரி. முட்டையைப் பற்றித் தனியாக இரண்டு வரி, அந்தப் பாரத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று. ஷூயுன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று அந்த இரண்டு வரியை மட்டும் பெங்கைப் படிக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டாள். பிறகு அதை நகல் எடுத்துத் தரச் சொன்னாள், மாமியாருக்குக் கொடுக்க.

மறுநாள் காலையில் நான் அவள் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றி வாங்கத்தான் போனேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி முன் மேசையில் உட்கார்ந்தேன். புதுச் சட்டை வேறு. முட்டை போட்டு வதக்கிய முள்ளங்கி அடையும் சூடான சோயா பாலும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, கூட்டம் இல்லாததால் எதிரில் உட்கார்ந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கேஸ் முடியட்டும்னு வெச்சிருந்தேன்."

"கேளும்மா."

"நீங்க அந்த வழியா வந்தது ஆறு பத்து. இவரு விழுந்தது ஏழுக்குப் பத்து."

"ஆமா."

"நாப்பது நிமிஷம்."

"ஆமா."

"போன் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வெய் நம்பர்?"

"இருந்துச்சு."

"போலீஸுக்கோ ஊராட்சிக்கோ கூடப் பண்ணியிருக்கலாம்."

கையிலிருந்த அடையைத் தட்டில் திரும்ப வைத்தேன். இந்த நாற்பது நிமிடத்தை வக்கீல் கேட்கவில்லை, நீதிபதி கேட்கவில்லை, நிபுணர் குழு கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்ன உத்தமன் என்று பதினைந்து மாதமாக என்னையே தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மீன் சூப்பின் இரண்டாவது கிண்ணம் வாங்கிக் குடித்த நேரத்தில் அவர் முட்டையைக் கட்டிக்கொண்டு அந்தச் சாலைக்குத் திரும்பியிருப்பார்.

"அதுக்கு எங்க மனுக் குடுக்கணும்ண்ணே?" என்றாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வெய்மேல் வழி இருந்தது, ஊராட்சிமேல் வழி இருந்தது. இதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"அதுக்கு எங்கயும் இல்ல, ஷூயுன்" என்றேன். "சட்டத்துல அதுக்கு ஒண்ணும் இல்ல."

"பெங்கும் அதத்தான் சொன்னா." தலையாட்டிக்கொண்டாள். "நீங்க சாட்சி சொன்னதுக்கு எனக்கு நன்றி உண்டு. அது வேற. ஆனா இத என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. உங்கள மன்னிச்சிட்டேனான்னு கேட்டா, அதுவும் தெரியல. அதனால தெனமும் காலையில இங்க வந்து சாப்பிடுங்க. காசு குடுத்துத்தான். நான் தெனமும் உங்க மூஞ்சியப் பாக்கணும். பாத்து, எனக்கு ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா சொல்றேன்."

அதற்குள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். மழைக்கும் போகிறேன், காய்ச்சலோடும் ஒரு நாள் போனேன். எப்போதும் போல் அடையைக் கொண்டுவந்து வைப்பாள், முகத்தை ஒரு முறை பார்ப்பாள், போய்விடுவாள். இந்த வாரத்தோடு ஏழு மாதம் ஆகிறது. அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.